நாலு மணித்தியாலம்

குருமண்வெளித் துறையில்
பாதை வர இன்னும் இருபது நிமிடமாம்.
பாதை என்றால் இங்கே தெருவல்ல,
மோட்டார் சைக்கிள்களும் மீன்பெட்டிகளும் நாங்களும்
ஏறி நிற்கும் இரும்புத் தட்டு.
எனக்கு நேரம் முக்கியம்.
இரவு எட்டுக்கு விழுங்கிய லிதியத்துக்குக்
காலை எட்டுக்கு இரத்தம் எடுக்கவேண்டும்.
முந்தினாலும் பிந்தினாலும்
குழாய் பொய் சொல்லும்.

கச்சான் விடிய முன்னமே தொடங்கிவிட்டது.
மண்டூர்க் கரையில் இறங்கும்போது
முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டது.

பேரின்பராசா படலையிலேயே நிற்கிறார்.
"வாங்க மிஸ்ஸி, வாங்க வாங்க!"
மூன்று வாங்க.
எண்ணிவிட்டேன். எண்ணத்தானே சம்பளம்.

மூன்று வருடத்துக்கு முன்
இதே சிரிப்போடுதான் லேண்ட்மாஸ்டரை விற்றுப்
பதினொரு ஒலிபெருக்கி வாங்கினார்.
வாட்டில் இரவு இரண்டு மணிக்குக் கட்டிலில் ஏறி
வாவிக்கு மேலால் பாலம் போடக்
கையெழுத்துக் கேட்டார்.
நானும் போட்டேன்.
விடிவதற்குள் நாலு பேர் பிடித்து ஊசி ஏற்றினோம்.
நான் இடது கால்.

பிறகு நாற்பது நாள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்தார்.
மாத்திரை கொடுத்து, நாக்கை உயர்த்தச் சொல்லிப் பார்த்து,
கஞ்சியில் ஆடை படியும்வரை
பக்கத்தில் சும்மா இருந்தேன்.
ஒருநாள் சுவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்:
"இடது காலப் புடிச்சது நீங்கதானே?"
ஓம் என்றேன்.
அதற்குப் பிறகு அந்தக் கதையை
அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"கையை நீட்டுங்க."
நீட்டிய விரல்களின் மேல் மின்சாரப் பில்லை வைக்கிறேன்.
தாளின் ஓரம் மெல்ல நடுங்குகிறது.
போன மாத அளவுதான்.

தண்ணி குடிக்கிறீங்களா, உப்பைக் குறைக்கவேணாம்,
தலையிடிக்குக் கடையில சொல்லி
மாத்திரை வாங்கிப் போடாதீங்க.
பல்லவி மாதிரி அவரும் கூடச் சொல்கிறார்.
நித்திரை எத்தினை மணித்தியாலம்?

அவர் வாய் திறக்குமுன்
பின்னால் யோகமலர்
நாலு விரலைக் காட்டுகிறா.
கண் சிவந்திருக்கிறது.
கட்டிய காசுமாலையை ஒலிபெருக்கிக் கடனுக்குக் கழற்றிய கழுத்தில்
மஞ்சள் கயிறு.

"அவ விரலைக் காட்டுறா என்ன?" என்கிறார், திரும்பாமலே.
"நான் சிரிச்சா ரெண்டு பேருக்கும் காய்ச்சல்.
மிஸ்ஸி, எனக்குச் சந்தோசம் வரப்படாதா?
வந்தா அதுக்கும் குளிசையா?"

பதில் எனக்குப் படிப்பிக்கவில்லை.

"எழும்பி வாங்க" என்று
வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போகிறார்.
வைக்கோலில் ஒரு கன்று.
இன்னும் ஈரம். முன்னங்கால் ஒருபக்கம் போக
பின்னங்கால் மறுபக்கம் போக
விழுகிறது, எழும்புகிறது, திரும்ப விழுகிறது.
தாய் நக்கிக்கொண்டே இருக்கிறது.
"ரெண்டு மணிக்குத்தான் போட்டது. கால் மாறி வந்து,
நான்தான் கையை உள்ளுக்க விட்டு..."
முழங்கைவரை காட்டுகிறார்.
அந்தக் கை நடுங்கவில்லை.

படிவத்தில் கட்டங்கள்:
நித்திரை, பசி, பேச்சு, செலவு.
நித்திரைக்கு நேரே 4 என்று எழுதினேன்.
கன்றுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
பசு கன்று போட்டது. நானும் பார்த்தேன்.

சரியாக எட்டுக்கு ஊசி.
பார்க்காமல் மாட்டுக் கொட்டிலைப் பார்த்தார்.

போகும்போது யோகமலர்
கடும்புப் பாலைப் போத்தலில் ஊற்றித் தந்தா.
ஐஸ் பெட்டிக்குள் இரத்தத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்;
வைக்கக் கூடாது, தெரியும்.

"அடுத்த மாசம்தானே கிளினிக்?"
"இல்ல, மூன்று நாளில் திரும்ப வாறன்."
"கன்றைப் பார்க்கவா?"
ஓம் என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை.